வாசலுக்கு நேரே ஒரு தூண்

இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவள் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் தேட வேண்டும். இளவேனில் தேடியது ஒரு தூணை. அந்த வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்த எந்தக் காரும் இடப்பக்கம் ஒடித்துத்தான் போர்ட்டிகோவுக்குள் போக முடியும். நட்டநடுவில், வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற கனத்தில் ஒரு தூண் நிற்கும். கேட்டில் நின்று பார்த்தால் வாசலே தெரியாது, தூண் மறைத்துக்கொள்ளும். அன்றைக்குக் கார் எங்கேயும் ஒடியாமல் நேரே போய் வாசல்படியோரம் நின்றது. இறங்கியவள் பெட்டியைக்கூட எடுக்காமல் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

"என்ன தாயி அப்புடிப் பாக்குற? எடம் எம்புட்டுத் தாராளமா இருக்கு பாத்தியா?" என்றார் அவள் அப்பா மூக்கையா.

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் எழுப்பிய கட்டடம் அது. கீழே முன்பக்கம் சுவரில்லாத போர்ட்டிகோ, பின்பக்கம் குடியிருக்கிற வீடு. மேலே இரண்டு மாடியும் ஐரின் டீச்சர் நடத்துகிற நர்சரி பள்ளிக்கூடம். பழனி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி யாரிடம் கேட்டாலும் மூக்கையா பில்டிங் என்றால் கை காட்டுவார்கள்.

"இங்க இருந்த பில்லர் எங்கப்பா?"

"எடுத்தாச்சு."

சொத்தைப் பல்லைப் பிடுங்கியாச்சு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தூண் தாங்கிக்கொண்டிருந்த பீமுக்கு அடியில், கேட்டுப் பக்கத்திலிருந்து வாசல் பக்கம்வரை நீளவாக்கில் இரண்டு இரும்பு கர்டரைக் கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள். பூசி மெழுகி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. ஆனாலும் கர்டர் உட்கார்ந்த முனையில் பூச்சு தலைமுடி கனத்துக்கு விரிசல் விட்டிருந்தது. மாடியில் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. இளவேனில் தன்னையறியாமல் இரண்டு எட்டுப் பின்னால் வந்தாள்.

அவள் பிழைப்பே கட்டடங்களை ஆட்டிப் பார்ப்பதுதான். எங்கோ எப்போதோ பூமி நடுங்கியதைக் கருவிகள் பதிந்து வைத்திருக்கும். அந்த நடுக்கத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு கட்டடத்தின் காலடியில் கொடுத்து, எது முதலில் ஒடிகிறது என்று பார்ப்பாள். இல்லையென்றால் கட்டடத்தையே சின்னதாகச் செய்து, அதிர்வு மேடையில் ஏற்றி நிஜமாகவே உலுக்குவாள். ஜப்பானில் முழு வீட்டையே மேடையில் நிறுத்தி ஆட்டுவதை நேரில் பார்த்துவிட்டு வந்தவள். சுவரில்லாமல் தூண்களை மட்டும் நம்பி நிற்கிற கீழ்த்தளம் எப்படி மடியும், மேலே இருக்கிற மாடிகள் எப்படி அதன்மேல் வந்து உட்காரும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. தன் வீட்டிலேயே அதைப் பார்ப்போம் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

சாப்பிடும்போது கதை வெளியே வந்தது. அவள் போன முதல் வருஷமே அம்மா பேச்சாயி வாசல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அது ஆறுவதற்குள் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரி. அதிலிருந்து மீண்டு வந்தவளுக்கு ஒருநாள் காலையில் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மகளிடம் போனில் "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். படிப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்ற பயம். அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து வாஸ்து பார்க்கிறவர் ஒருவரை யாரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"அவரு வீட்டுக்குள்ளயே வரல தாயி. கேட்டுலயே நின்னுட்டு, ஏனுங்க, வாசலுக்கு நேரா ஈட்டி நட்டாப்புல நிக்குதுங்களே, இது வீட்டுப் பொம்பளையத்தானுங்க மொதல்ல குத்தும்னாரு. உங்கம்மா படுத்துக் கெடக்குறதை நான் சொல்லவே இல்ல, அவராச் சொன்னது. பில்லர எடுத்து ஒரு மாசங்கூட ஆகல, எந்திரிச்சு நடந்துட்டா."

"டாக்டர் மருந்தே குடுக்கலயா?"

"குடுத்தாரு. பில்லர் இருந்தப்பவும்தான் குடுத்தாரு."

மூக்கையாவிடம் தர்க்கத்தில் ஜெயித்தவர் பேட்டையிலேயே கிடையாது. பேச்சாயி வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். பேச்சு இன்னும் கொஞ்சம் இழுத்தது. "அத விடுங்க. பிள்ள வெஞ்சனத்தத் தொடாம வெறுஞ்சோத்தப் பெசையுது," என்றாள். இளவேனில் நிமிர்ந்து அம்மாவின் கோணலான சிரிப்பைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தான் இங்கே இல்லாமல் போனோமே என்று நினைத்தபடி வெஞ்சனத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூக்கையா கை கழுவிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "வீட்டுலயே இன்ஜினியர வச்சுக்கிட்டு வெளிய எதுக்கு அலையணும்?"

சாயங்காலமே அவள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். டேப்பைப் பிடித்துத் தூண் தூணாக அளந்து, கம்ப்யூட்டருக்குள் அந்தக் கட்டடத்தை எழுப்பினாள். முதலில் பழைய தூணோடு ஆட்டினாள். கட்டடம் குலுங்கியது, சுவர்கள் வெடித்தன, ஆனால் நின்றது. பிறகு தூணை எடுத்துவிட்டுப் பாதி பலத்தில்தான் ஆட்டினாள். கர்டர் தன் முட்டிலிருந்து நழுவியது, போர்ட்டிகோ ஒரு பக்கமாக மடிந்தது, இரண்டு மாடியும் சேர்ந்து இறங்கின. நம்பாமல் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதேதான். தெருவில் குவாரி லாரி ஒன்று போக, அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தத்தை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். அன்றைக்கு எழுந்துபோய் டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

மூக்கையா திரையைப் பார்த்தார். "இது பொம்மப் படமுல்ல? திண்டுக்கல்லுல எங்க தாயி பூகம்பம்? இம்மாம் பெரிய கல்லு மேல உக்காந்துருக்க ஊரு."

"நம்ம என்ன மலைக்கோட்டை மேலயா குடியிருக்கோம்? இது கொளத்தை மூடுன எடம்னு நீங்கதான சொல்லுவீங்க. வராதுன்னு எந்த வரைபடத்துலயும் போடலப்பா. கம்மின்னுதான் போட்டுருக்கு."

"கம்மின்னா கம்மிதான?" என்று எழுந்துபோய்விட்டார்.

படத்தை நம்பாதவரைப் பொருளைக் காட்டித்தான் மடக்க வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் அவளுக்கு வேலை. அங்கே சின்ன அதிர்வு மேடை ஒன்று உண்டு. மூக்கையா பில்டிங்கை இடுப்பு உயரத்துக்குச் செய்தாள். தூண், பீம், கர்டர், மாடியில் பள்ளிக்கூடத்தின் பாரத்துக்கு மணல் மூட்டை, எல்லாம் கணக்காக. முன்பக்கம் வாசலுக்குக்கூட ஒரு சின்னக் கதவு வைத்திருந்தாள். அப்பாவைக் கூட்டிப்போய் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

மேடை முதலில் மெல்ல உறுமியது. மூக்கையா சிரித்துக்கொண்டே, "நம்ம வீடு மாதிரியே இருக்கேப்பா," என்று பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் முன்பக்கம் மடிந்தது. மணல் மூட்டைகள் அந்தச் சின்னக் கதவின்மேல் விழுந்தன. ஒரு மூட்டை பிய்ந்து, மேடையை நிறுத்திய பிறகும் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. மூக்கையா எழுந்து கிட்டே போனார். அந்தக் கதவு இருந்த இடத்தில் விரலால் மணலை ஒதுக்கிப் பார்த்தார்.

திரும்பும்போது சின்னாளபட்டியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அந்த ஒத்தப் பில்லர மறுபடி வச்சா நின்டுருமா?"

"நிக்கும்ப்பா. கம்பி எப்படிக் கட்டணும்னு நான் வரைஞ்சு தர்றேன்."

"பிள்ளைக மேல ஓடுதுக தாயி. நம்ம வீட்டு மேல ஓடுதுக. வச்சுருவோம்."

இளவேனிலுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அம்மாவின் உயிரைப் பணயம் வைப்பதாக நினைத்துக்கொண்டும் இந்த மனுஷன் சரி என்கிறாரே என்று அப்பாமேல் பாசம் பொங்கியது. பாசம் பொங்குகிற நேரத்தில் யாருக்கும் டேப் எடுத்து அளந்து பார்க்கத் தோன்றாது. அவளுக்கும் தோன்றவில்லை.

கல்லூரியில் பரீட்சை நேரம், நகர முடியவில்லை. வேலையை வீரன் மேஸ்திரி எடுத்துச் செய்தார். மூக்கையா தினமும் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். முதல் நாள் குழி. "பழைய அஸ்திவாரம் வேணாம்னு புதுசாவே தோண்டிட்டோம்" என்று போனில் சொன்னபோது, அப்பா எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார் என்று இவள் சந்தோஷப்பட்டாள். அப்புறம் கம்பிக் கட்டு. வளையத்துக்கு வளையம் இவள் சொன்ன இடைவெளி, டேப்பை வைத்தே படம் எடுத்திருந்தார்கள். அப்புறம் சென்ட்ரிங், கான்கிரீட், சாக்குச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவது. ஒரு குறை சொல்ல முடியாத வேலை. எல்லாப் படமும் தூணைக் கிட்டே போய் எடுத்தவை. ஒன்றிலாவது வாசல் விழுந்திருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. நிஜமாகவே மனசு நிறைந்துபோய், பள்ளிக்கூடத்துக்கான சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஐரின் டீச்சரே போன் செய்தாள். "மேடம், பிள்ளைகளுக்கு பூகம்பப் பயிற்சி ஒண்ணு வச்சுரலாமா? நீங்களே வந்து நடத்திக் குடுங்க." இளவேனில் போனிலேயே விவரமாகச் சொல்லிக்கொடுத்தாள். நீளமாக மணி அடிக்கும்போது பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொண்டு பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மணி நின்றதும் வரிசையாக இறங்கி, போர்ட்டிகோவில் நிற்காமல், தெருவைத் தாண்டி எதிர் மைதானத்துக்குப் போய்விட வேண்டும். கடைசியில் தலையை எண்ணிப் பார்த்து, எல்லாரும் வெளியே என்று டீச்சர் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

பயிற்சி வைத்த அன்றைக்கு மதுரையிலிருந்து வந்த பஸ் தாமதம். ஆட்டோவில் இறங்கும்போதே மணி அடித்து ஓய்ந்திருந்தது. அவசரமாகக் காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு வந்து உள்ளே பார்த்தாள்.

அம்மா தெரிந்தாள். திறந்த வாசலுக்குள்ளே, நடுவீட்டில் நாற்காலி போட்டு, மடியில் கையை வைத்தபடி, தலையிலிருந்து கால்வரைக்கும் தெளிவாகத் தெரிந்தாள்.

கேட்டில் நின்று பார்த்தால் தெரியவே கூடாத அம்மா. தூண் இருந்தது. நல்ல கனமாக, வழவழவென்று பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, வாசலுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் முன்னால் வந்து ஓரமாக விலகி நின்றது. மேலே பார்த்தாள். பீம் ஒரு பக்கம் போனது, கர்டர் ஒரு பக்கம் போனது, தூணின் தலை இரண்டையும் தொடாமல் வெறும் தளத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அது எதையும் தாங்கவில்லை. கட்டடம் ஆடினால் அந்த உறுதியான தூண் தளத்தைக் கிழித்துக்கொண்டு வகுப்பறைக்குள் ஏறும்.

அந்தத் தூணைச் சுற்றித்தான் மொத்தப் பள்ளிக்கூடமும் நின்றது. சின்னப் பிள்ளைகள் தூணைக் கட்டிப் பிடித்திருந்தார்கள், அவர்களைப் பெரிய பிள்ளைகள் கட்டிப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் மைதானத்துக்குப் போகவில்லை. மூக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் பூரிப்பாக நின்றார்.

"வா தாயி. பாரு, எப்படி நிக்கிதுகன்னு."

தூணில் கன்னத்தை வைத்து ஒட்டிக்கொண்டிருந்த முஹ்சினா என்கிற வாண்டு இவளைப் பார்த்துச் சிரித்தது. "மிஸ், தாத்தா சொன்னாங்க. பூகம்பம் வந்தா இதைப் புடிச்சுக்கிட்டா ஒண்ணுமே ஆகாதாம். அவங்க மக கட்டச் சொன்ன தூணாம்."

இளவேனில் அந்தப் பிஞ்சுக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். "ஐரின், பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓட வேணாம். இப்பவே."

"பயிற்சி முடியலயா மேடம்?"

"இது பயிற்சி இல்ல. கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இந்தக் கட்டடத்துல பள்ளிக்கூடம் கெடையாது. நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன். எல்லாப் பெற்றோர்கிட்டயும் நானே பேசுறேன்."

பிள்ளைகள் வரிசையாகக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். போர்ட்டிகோ காலியானது. அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"யாரு தள்ளி வைக்கச் சொன்னது?"

"கொஞ்சூண்டுதான தள்ளிருக்கு? நீ சொன்ன கம்பி, நீ சொன்ன சிமெண்டு. ஒரு கூடை கொறையல. உனக்கும் பாதகமில்லாம, உங்கம்மாவுக்கும் பாதகமில்லாம..." மூக்கையாவின் பூரிப்பு வடியத் தொடங்கியிருந்தது. "வீரனும் மொதல்ல மொனகுனான். நாந்தான் எம்மவ வரைஞ்சதுதான்னு அடக்கிட்டேன்."

"எம் பேரைச் சொல்லியா?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழைய எடத்துல வச்சாத்தான்ப்பா அது தூணு. இங்க வச்சா அது ஒண்ணுமே இல்ல. அந்த மணலை நீங்க கையால ஒதுக்கிப் பாத்தீங்கள்ல?"

உள்ளேயிருந்து பேச்சாயியின் குரல் வந்தது. இழுத்து இழுத்து வந்தது. "அவர ஏசாத. நாந்தான் தள்ளி வைக்கச் சொன்னேன்."

இளவேனில் வாசல்படியில் ஏறி நின்றாள். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"குழி தோண்ட வந்தன்னைக்கே எனக்கு நெஞ்சு அடச்சுச்சு. அது நேரா வந்து நின்னா நான் இருக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சாகப் பயமா இருக்குத்தா. மூணு கண்டம் தாண்டிட்டேன். நாலாவது தாண்ட முடியாது."

எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் வரைபடம் போட்டுப் பேசியவள்தான் இளவேனில். பயம் என்கிறவளிடம் என்ன கணக்கைக் காட்டுவது? அவளுக்கும்தான் பயமாக இருந்தது. கோபம் எல்லாம் போய் அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"சரிம்மா. தூணு வேணாம். நேரா வைக்க வேணாம். எங்கூட மதுரைக்கு வந்துரு. ரெண்டு பேரும் வாங்க, இப்பவே கெளம்புவோம். பூட்டிப் போட்டுட்டுப் போவோம்."

பேச்சாயி கணவரைப் பார்த்தாள். மூக்கையா மேலே அண்ணாந்து, தான் கட்டிய மாடியைப் பார்த்தார். பிள்ளைகள் போய்விட்ட மாடி சத்தமில்லாமல் இருந்தது.

"நான் உசுரக் குடுத்துக் கட்டுன வீடு. உங்கம்மா எந்திரிச்சு நடந்த வீடு. இத விட்டுட்டு எங்க வரச் சொல்ற?" செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். அவளைத் தாண்டி உள்ளே போய், மனைவியின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப பூமி ஆடுதா?"

"இல்ல."

"ஆடும்போது கூப்புடு தாயி. வாரோம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, கோபத்திலும் சொல்லவில்லை. பஸ் வந்தால் கூப்பிடு என்கிற மாதிரி, நிஜமாகவே எழுந்து வருகிற எண்ணத்தோடுதான் சொன்னார். கூப்பிட வாயைத் திறக்கிறதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதை அவள் மறுபடி மறுபடி சொன்னாள். கையைப் பிடித்து இழுத்தாள். அழுதாள். பேச்சாயி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "பிள்ளைக வெயில்ல நிக்கிதுக, போய்ப் பாரு," என்றாள்.

எதிர் மைதானத்தில் பெற்றோர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஐரின் வரிசை வரிசையாகத் தலையை எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசிப் பிள்ளை வரைக்கும் எண்ணி முடித்து, கேட்டுக்கு வெளியே நின்ற இளவேனிலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு மேடம்."

இளவேனில் திரும்பிப் பார்த்தாள். திறந்த வாசலுக்குள், எதுவும் மறைக்காமல், அம்மாவும் அப்பாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஐரின் பதிலுக்காகக் கையை இறக்காமல் நின்றாள். இளவேனில் பதில் சொல்லவில்லை.